எட்டாவது ஒயர்

"…அதெல்லாம் கெடக்கட்டும் நைனா, எட்டு பிளக்குக்கு ஏழு ஒயர்தானே கீது, இந்த வண்டி எப்படிக் கெளம்பும்?"

என் வலது கையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு இப்படிக் கேட்டவர், எனக்குப் பெண் கொடுக்கலாமா வேண்டாமா என்று முடிவு செய்ய மாகறலிலிருந்து வந்திருந்த பெண்ணின் தாய்மாமன். கேள்வி நியாயமானதுதான். ஆனால் நியாயத்துக்குத் தலையாட்டும் நிலையில் நான் இல்லை. அவர் சொன்ன வண்டி என் கையில் ஒட்டிக்கொண்டிருந்தது.

விளக்குகிறேன். உத்திரமேரூரில் பம்புசெட் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறேன். அது வயிற்றுக்கு. மனசுக்கு, டிராக் ரேஸ் கார்களை அச்சு அசலாகச் சின்ன அளவில் செய்வேன். டிராக் ரேஸ் என்றால் வளைவு நெளிவு கிடையாது. கால் மைல் நேர்ரோடு, கண்ணை மூடித் திறப்பதற்குள் போய்ச் சேர வேண்டும், பிறகு நிற்பதற்குப் பின்னாலிருந்து பாராசூட் விரியும். இதை அப்பாவுக்கு வீடியோவில் காட்டினேன். முழுசாகப் பார்த்துவிட்டு, "நிக்கறதுக்குக் கொடை புடிக்கிற வண்டி இன்னாத்துக்கு ஆவும்? நம்ம மாடே தேவலாம், ஹோன்னா நின்னுடும்" என்றார்.

கடையில் பாகங்களை வாங்கி ஒட்டுகிற ஆள் நான் இல்லை. (அப்படி ஒரு திமிர்.) எல்லாம் நானே அறுத்து, அரத்தால் அராவி, வளைத்துச் செய்ததாக இருக்க வேண்டும். கூல்டிரிங்ஸ் டின்னை வெட்டினால் பாடி. காலி ரீஃபிலை மெழுகுவத்தியில் காட்டி வளைத்தால் புகைக்குழாய். ஆஸ்பத்திரி குளுக்கோஸ் டியூப், பெட்ரோல் லைன். காயில் கட்டி மிஞ்சிய செம்புக் கம்பி, பிளக் ஒயர். பின்சக்கரத்துக்குத் தடித்த ரப்பர் வேண்டும். அம்மாவின் ஹவாய் செருப்பில் இடது கால் அந்த வகையில் ஓடிப்போனது. ஒற்றைச் செருப்போடு அம்மா தெருவுக்கே கேட்கும்படி சொன்னாள்: "எறும்புக்கு லாடம் அடிக்கிறவன் வூட்டுக்கு எவன் பொண்ணு குடுப்பான்?"

வாய் முகூர்த்தம், அடுத்தடுத்து இரண்டு இடம் தட்டிப்போனது. இரண்டு தடவையும் வந்தவர்கள் கூடத்து அலமாரியில் வரிசையாக நின்ற என் கார்களைப் பார்த்தார்கள், என் வயதைக் கேட்டார்கள், மறுபடியும் கார்களைப் பார்த்தார்கள். எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளை வீடு பார்க்க வருகிறவர்கள் இடம் பிடித்திருந்தால்தான் கை நனைப்பார்கள். இலையில் உட்கார்ந்து சாப்பிட்டால் சம்மதம். "வழியிலயே நாஷ்டா ஆயிட்சி" என்றால் கதை முடிந்தது, வடையை நாமே தின்ன வேண்டியதுதான். இரண்டு தடவை நாங்களே தின்றோம்.

மூன்றாவதாக வந்ததுதான் மாகறல். காலையிலேயே அம்மாவின் உத்தரவு, அந்தக் கருமங்களையெல்லாம் கட்டிலுக்கடியில் தள்ளு, அவர்கள் போகிறவரைக்கும் ஒன்றும் கண்ணில் படக்கூடாது. தள்ளினேன். கடைசியாக எடுத்தது, எட்டு மாதமாகச் செய்துகொண்டிருந்த, முக்கால் முழ நீளமுள்ள கார். எட்டு பிளக் ஒயரில் ஒன்று கழன்று தொங்கியது. புத்தியுள்ளவன் கழன்றது கழன்றபடியே தள்ளியிருப்பான். நான் ஒரே ஒரு சொட்டு என்று நினைத்தேன். நொடியில் ஒட்டும் பசை அது. அதன் சொட்டு நம் சொட்டு இல்லை. இன்ஜின் வழியாக இறங்கி, சட்டத்தில் ஓடி, என் கட்டைவிரலையும் பக்கத்து இரண்டு விரல்களையும் ஒரே குடும்பமாக்கிவிட்டது.

வெந்நீர், தேங்காயெண்ணெய், மண்ணெண்ணெய் எல்லாம் பார்த்தாயிற்று. கை வழுவழுப்பானது, வாடை வந்தது, வண்டி மட்டும் வரவில்லை. அப்பா வந்து பார்த்தார். "அதான் வண்டியவே கட்டிக்கினியே, இன்னும் பொண்ணு எதுக்கு?" என்று கேட்டுவிட்டு வேட்டி மாற்றப் போனார். அதற்குள் வாசலில் ஆட்டோ சத்தம்.

ஒரு துண்டை எடுத்துக் கையோடு காரையும் மூடிக்கொண்டு உட்கார்ந்தேன். பெண்ணின் அப்பா, அத்தை, தாய்மாமன், மூன்று பேர் வந்திருந்தார்கள். எழுந்து ஒரு கையால் கும்பிட்டேன். அத்தையின் பார்வை துண்டில் விழுந்தது, பிறகு எழவே இல்லை. துண்டுக்குள் விரல் நுனிக்கு அப்பாலும் ஏதோ நீட்டிக்கொண்டிருந்தால் யார்தான் பார்க்கமாட்டார்கள்? சமையற்கட்டின் பதற்றத்தில் அம்மா எல்லாவற்றையும் மறந்து வெற்றிலைத் தட்டை என்னிடம் நீட்டி, பெரியவருக்குக் கொடு என்றாள். கொடுத்தேன். இடது கையால்.

நல்ல காரியத்துக்கு வந்தவருக்கு இடது கையால் தாம்பூலம் கொடுத்த மாப்பிள்ளை இந்த ஜில்லாவில் நான் ஒருவன்தான் இருப்பேன். பெண்ணின் அப்பா தட்டைத் தொடவில்லை. அத்தை அவர் காதில், "கை வெளங்கலபோல கீது, மறைக்கிறாங்க" என்றது எனக்கே கேட்டது. அவர் எழுந்து தன் துண்டை உதறித் தோளில் போட்டார். "அப்ப நாங்க கெளம்பறோம். வழியிலயே நாஷ்டா ஆயிட்சி."

உள்ளே அம்மா கரண்டியைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது.

தாய்மாமன் மட்டும் எழவில்லை. முப்பது வருஷமாக டிராக்டர் ரிப்பேர் பார்க்கிறவர், திறந்து பார்க்காமல் எதையும் பழுது என்று சொல்லமாட்டார். "இன்னா கீதுன்னு பாத்துட்டே போலாம் மச்சான்" என்று என் கையை மூடிய துண்டின் நுனியைப் பிடித்து இழுத்தார். முன்சக்கரம் இரண்டும் வெளியே வந்து, சும்மா இருக்காமல், சுழன்றன.

மறைக்க இனி ஒன்றுமில்லை என்று எல்லாவற்றையும் சொன்னேன். செருப்பு உட்பட. அவர் செல்போனை எடுத்து, எனக்குப் பார்த்த பெண்ணுக்கே போட்டார், ஸ்பீக்கரில். பசை ஒட்டிக்கிச்சாம், எப்படி எடுப்பது என்றார். யாருக்கு என்றது குரல். "உனக்குப் பாத்த மாப்பிள்ளைக்கு. கார்ல ஒட்டிக்கினாரு." அதற்கு வந்த சிரிப்பில் கூடத்திலிருந்த எல்லோரும் போனையே பார்த்தோம். சிரித்து முடித்து, நெயில் பாலிஷ் அழிக்கிற மருந்து வாங்கச் சொன்னாள். "பிச்சி எடுக்காதீங்க. கை தோலு வந்துடும். காரும் பாவம்."

கலைச்செல்வி என் வாழ்க்கைக்குள் வந்தது இப்படித்தான்.

மருந்து வாங்க அப்பா பஜாருக்குப் போனார். (ஃபேன்ஸி ஸ்டோர் வாசலில், கேட்க வெட்கப்பட்டுக்கொண்டு அரை மணி நேரம் நின்றாராம்.) அந்த அரை மணியில்தான் மாமா என் கையை மடியில் வைத்து, கண்ணாடி மாட்டி, பட்டாணி அளவு இன்ஜினில் விரல் வைத்து எண்ணி, அந்தக் கேள்வியைக் கேட்டார்.

"எட்டாவது என் கட்டைவிரலுக்கடியில கீது மாமா," என்றேன்.

இன்றும் மாகறலில் எந்தக் கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தாலும் பரிமாறுகிறவர் முதலில் என் பெண்டாட்டியைப் பார்த்து, "மாப்பிள்ளைக்குக் கை காலியா கீதா, இல்ல ஊட்டி வுடணுமா?" என்று கேட்டுவிட்டுத்தான் இலையில் சோறு வைப்பார். அவளும் என் விரல்களைப் பிரித்துப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்வாள். எல்லாம் அன்று மாமா செய்த வேலை.

என் பதிலைக் கேட்டு அவர் சிரிக்கவில்லை. அப்படின்னா சரி, வண்டி கெளம்பும் என்பதுபோல் தலையாட்டினார். என் கையைக் காரோடு மெதுவாகப் பாயில் இறக்கி வைத்தார். இலையைப் போடச் சொன்னார். செம்பிலிருந்து நீர் வார்த்துக் கையைக் கழுவிக்கொண்டார். என் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, சாம்பாரைச் சோற்றில் விட்டுப் பிசைந்து, முதல் உருண்டையை என் வாயில் வைத்தார்.