இரண்டு விரல் இடைவெளி

மரியாதைக்குரிய சித்தப்பாவுக்கு அண்ணன் மகள் வணங்கி எழுதுவது. இங்கே அனைவரும் நலம். உங்கள் லாரியும் நலம். காலில் மாவுக்கட்டோடு சித்தியின் அம்மா வீட்டில் படுத்திருக்கும் உங்களை அதிரவைக்கக் கூடாது என்பதால், லாரியின் நலத்தை மட்டும் சற்று விரிவாக எழுதுகிறேன். போனில் சொல்லியிருக்கலாம். உங்கள் ‘அலோ’வைக் கேட்டாலே எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்கிறது.

நாளை காலை ஏழு மணிக்கு வண்டி குவாரியில் நின்றாக வேண்டும் என்பதும், அடிவயிறு தரையில் இடிக்கிற வண்டியே வேண்டாம் என்று அங்கே சொல்லிவிட்டார்கள் என்பதும், இந்த வேலை போனால் உங்கள் கால் தேறும்வரை இரண்டு வீட்டுக்கும் வேறு வழியில்லை என்பதும் நீங்கள் அறிந்ததே. ரிம்மை மாற்றாமல் பெரிய டயராகப் போட்டு வண்டியைத் தூக்கிவிடலாம் என்று நீங்கள் சொல்லியனுப்பியதும், அப்பா என்னைப் பார்த்தார். நான் பட்டம் வாங்கிய நாளிலிருந்து இந்த வீட்டில் மருந்துச்சீட்டு, மின்கட்டண ரசீது, டிவி ரிமோட் எல்லாமே என் பாடம்தான். “கணக்குப் படிச்ச புள்ள வீட்ல இருக்கும்போது கடைக்காரன்கிட்ட என்ன கேள்வி?” என்றார். தெரியாது என்று சொல்ல வெட்கம். அளவு நாடாவோடு டயர் கடைக்குப் போனேன்.

டயரின் கன்னத்தில் எழுதியிருக்கும் எண்களை வைத்து மூன்று தாள் நிறையக் கணக்குப் போட்டேன். டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே நாடாவை நுழைத்து அளந்தேன். “உரசாது, தாராளமாப் போகும்” என்றேன். நாலு பேர் நடுவில் நான் சத்தமாகச் சொன்ன முதல் வாக்கியம் அது. மெக்கானிக் அண்ணன் ஏதோ சொல்ல வாயெடுத்து, விழுங்கிக்கொண்டு, ஸ்பேனரைத் துடைக்க ஆரம்பித்தார்.

புது டயரோடு கடையிலிருந்து வந்த வண்டி, நம் தெருமுனையில் அப்பா ஸ்டீயரிங்கை முழுசாக ஒடித்ததும், ‘சர்ர்ர்’ என்று அலறியது. மாடியிலிருந்து மூன்று பேர் எட்டிப்பார்த்தார்கள். விஷயம் இதுதான்: நான் அளந்தபோது சக்கரம் நேராக இருந்தது, வண்டி காலியாக இருந்தது. சக்கரம் திரும்பும் என்பதும், லாரியில் லோடு ஏற்றுவார்கள் என்பதும் என் மூன்று தாளிலும் இல்லை. ‘கொஞ்சம் திருப்பிக் காட்டுங்க’ என்று கேட்கக் கூச்சப்பட்டேன், அவ்வளவுதான்.

“எனக்கு அப்பவே தெரியும் பாப்பா” என்றார் வண்டியோடு வந்திருந்த மெக்கானிக் அண்ணன்.

“அப்புறம் ஏண்ணே சொல்லல?”

“படிச்ச புள்ள சொல்லும்போது நான் குறுக்க விழலாமா? புதுசா ஏதாச்சும் கணக்கு வந்திருக்கும்னு இருந்துட்டேன்.”

அம்மா வாசலிலிருந்தே தீர்ப்புச் சொன்னாள்: “அவ நேராப் போறதுக்குத்தான் கணக்குப் போட்டிருக்கா. எங்கயும் திரும்பாம ஓட்டுங்க.”

அப்புறம் என்ன, மெக்கானிக் அண்ணன் மட்கார்டின் உள்விளிம்பை மடக்கித் தட்டி, சக்கரத்துக்குப் பின்னால் தொங்குகிற ரப்பரைத் தள்ளிக் கட்டி, சக்கரம் ரொம்ப ஒடியாமல் தடுக்கிற போல்ட்டையும் கொஞ்சம் வெளியே இழுத்துவிட்டார். பக்கத்து வீட்டு மேஸ்திரியிடம் நாற்பது மணல் மூட்டை இரவல் வாங்கி ஏற்றி, நான் பக்கத்தில் குனிந்து குனிந்து ஓட, அப்பா இடமும் வலமும் ஒடித்து ஓட்ட, தெருவே வேடிக்கை பார்க்க, சத்தியமாச் சொல்றேன் சித்தப்பா, ஒரு சத்தமில்ல. நேற்றுச் சாயங்காலம் மூட்டைகளோடே ஷெட்டுக்குள் விட்டோம். ‘என் வண்டி, என் ஷெட்டு, தலைக்கு மேல ரெண்டே விரலு’ என்று பெருமையடிப்பீர்களே, அதே மாதிரி வாசல் உத்தரத்தில் படாமல் வழுக்கிக்கொண்டு உள்ளே போனது. அப்பா என் தலையைத் தடவினார். பட்டமளிப்பு விழாவில்கூட அவர் அப்படிச் செய்யவில்லை.

ஆகவே நீங்கள் வண்டியை நினைத்துக் கவலைப்பட வேண்டாம். கால் ஆறும்வரை கட்டிலைவிட்டு அசையவே வேண்டாம். சித்திக்கு என் வணக்கம். இனிமேலாவது கணக்கு சரியாக வர என்னை வாழ்த்துங்கள்.

இப்படிக்கு,
திரும்புவதையும் இப்போது கணக்கில் சேர்த்துக்கொள்ளும் உங்கள் மகள்

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டப்போன நேரத்தில் ஒரு சின்னத் தகவல். மேஸ்திரி இன்று காலை மூட்டைகளை இறக்கி வெளியூர் வேலைக்குக் கொண்டுபோய்விட்டார். பாரம் போனதும் வண்டி எழுந்து நின்றுவிட்டது. புது டயர் அதை மூன்று விரல் தூக்கியிருக்கிறது. உங்கள் ஷெட் வாசலில் இருப்பது இரண்டு விரல். கீழே எங்கும் உரசவில்லை. மேலே கேபின் கூரைமேல் இருக்கும் கேரியர் உத்தரத்தில் முட்டி, வண்டி உள்ளேயே நிற்கிறது. காற்றை இறக்கலாம் என்றார் மெக்கானிக் அண்ணன். “புது டயருய்யா! ஓடுறதுக்கு முன்னாடியே காத்தெறக்குவியா?” என்று அப்பா சண்டைக்குப் போய்விட்டார். எனவே தெருவில் கனமானவர்களாகப் பார்த்து வண்டியில் ஏற்றிக்கொண்டிருக்கிறோம். பன்னிரண்டு பேர் ஏறியாயிற்று, இன்னும் நூலளவுதான் வண்டி இறங்க வேண்டும். என் கணக்குப்படி இன்னும் இரண்டு பேர் போதும். கடிதம் கொண்டுவரும் மெக்கானிக் அண்ணனோடே ஆட்டோ ஒன்றும் வருகிறது. தயவுசெய்து கட்டிலைவிட்டு எழுந்து வாருங்கள். மாவுக்கட்டின் எடையையும் சேர்த்திருக்கிறேன். சித்தியையும் கூட்டிவாருங்கள். எதற்கு என்று மட்டும் சொல்ல வேண்டாம்.