தண்ணி குடிக்காத இடம்

அன்புள்ள அத்தானுக்கு,

மைத்துனன் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே எல்லோரும் சௌக்கியம். நீங்களும், முக்கியமாக உங்கள் ரத்தக்கொதிப்பும், சௌக்கியமாக இருக்கும் நேரம் பார்த்து இதைப் படிக்கவும். போனில் சொல்லலாமென்றால் நீங்கள் எடுப்பதில்லை. அக்கா எடுத்தாலும் பின்னாலிருந்து நீங்கள் செருமுகிற சத்தத்துக்கே வைத்துவிடுகிறாள். அதனால்தான், பள்ளிக்கூடத்தை வெளியே நின்று அதிகம் பார்த்தவனான நான், பேனாவைப் பிடித்திருக்கிறேன்.

முதலில் ஒன்றை ஒத்துக்கொண்டுவிடுகிறேன். உங்கள் மகள் தானே ஒரு இடம் பார்த்துவிட்டாள் என்று போன வாரம் நான் சொன்ன சேதி, கதவில் காதை வைத்துக் கேட்டது. ஒட்டுக்கேட்டதில்கூட எனக்கு வெட்கமில்லை. ஒழுங்காகக் கேட்கவில்லையே என்பதுதான் வெட்கம்.

நடந்தது இதுதான். நம் சலவைக்கடைக்கு மேலே மாடியறையில் உட்கார்ந்துதானே அவள் கம்பெனி வேலை பார்க்கிறாள், அங்கே மாட்டலாமென்று துவைத்த திரைச்சீலையைத் தூக்கிக்கொண்டு போனேன், உள்ளே யாரிடமோ போனில், "இடம் முடிவு பண்ணிட்டேன்" என்றாள், என் கால் தானாக நின்றுவிட்டது. "பழைய இடம் வேண்டவே வேண்டாம். ஒரே புகை. தண்ணி வேற குடம் குடமா குடிக்குது" என்றாள். புகையும் தண்ணியும் சேர்ந்த இடத்தை ஒதுக்கினாளே, நம் வீட்டுப் பெண் என்றால் சும்மாவா என்று நான் பூரித்துப்போனேன். "இது குளிர் பிரதேசம். தண்ணியே தொடறதில்ல. என்ன, கொஞ்சம் தூரம். கேட்டா பதில் வர நேரமாகும், பழகிக்கலாம்" என்றாள். சரி, மாப்பிள்ளை கொஞ்சம் மந்தம். அதுவும் நல்லதுக்குத்தான், ஒரு வீட்டில் இரண்டு பேருமே சுடச்சுடப் பதில் சொன்னால் என்ன ஆகும் என்று உங்களுக்கும் அக்காவுக்கும் நான் சொல்ல வேண்டியதில்லை. வரப்போகிறவரை அது இது என்கிறாளே என்று நீங்கள் கேட்கலாம். என்னையும் என் வீட்டில் அது என்றுதான் சொல்கிறார்கள், "அது சாப்பிட்டுச்சா, அது எங்க போச்சு" என்று, அதனால் எனக்குச் சந்தேகமே வரவில்லை. அதோடு நிறுத்தியிருந்தால் நானும் சந்தோஷமாக இறங்கியிருப்பேன். அடுத்து அவள், "கொஞ்ச நாள் வச்சுப் பார்ப்போம், சரிவரலைன்னா மாத்திக்கலாம். இது திடீர்னு விழுந்துட்டா தாங்கறதுக்கு இன்னொரு இடத்தையும் கையில வச்சிருக்கேன்" என்றாள். திரைச்சீலை என் கையிலிருந்து நழுவி, நான் அதில் தடுக்கி, படிகளில் பாதியை உட்கார்ந்தபடியே இறங்கி, நேராக வந்து அக்காவுக்குப் போன் போட்டேன்.

அதற்குப் பிறகு நீங்கள் செய்ததெல்லாம் ஒரு தகப்பன் செய்வதுதான். பெண் பார்க்க வரவிருந்த பல் டாக்டர் வீட்டாரை வர வேண்டாம் என்றீர்கள். மகளோடு பேச்சை நிறுத்தினீர்கள். நேற்று அவள் கடைக்கு இறங்கி வந்து, மூட்டை கட்டிவைத்த துணிமேல் உட்கார்ந்து, "மாமா, அப்பா ஏன் என்கூடப் பேசமாட்டேங்கிறாரு? நான் என்ன பண்ணேன்?" என்று கேட்டாள். என் வாய்தான் தெரியுமே, எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். முதலில் சிரித்தாள், மூட்டை சரிகிற அளவுக்குச் சிரித்தாள், பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணைத் துடைத்தாள்.

"மாமா, நான் பார்த்தது கல்யாணத்துக்கு இடம் இல்ல. கம்ப்யூட்டருக்கு இடம்."

கிளவுட், அதாவது மேகம், மேகம் என்று அவர்கள் சொல்வது வானத்தில் இல்லையாம், அத்தான். எங்கோ தரையில் ஒரு பெரிய கட்டிடம், உள்ளே வரிசை வரிசையாகக் கம்ப்யூட்டர், அவள் கம்பெனிக் கணக்கும், நம் கடையில் துணிக்குக் கம்ப்யூட்டரில் போடுகிற டோக்கனும் அதற்குள்தான் இருக்கின்றன. அவை சூடாகாமல் இருக்கத் தண்ணீர் வேண்டும், ஓடக் கரண்ட் வேண்டும். பழைய இடத்தில் கரியை எரித்துக் கரண்ட் எடுக்கிறார்கள், ஊர் குடிக்கிற தண்ணீரை அந்தக் கட்டிடம் குடிக்கிறது. புது இடத்தில் காற்றாடியும் ஆறும் கரண்ட் தருகின்றன, குளிரே சூட்டைத் தணித்துவிடுகிறது. தூரமென்பதால் கேட்டது வந்துசேரக் கொஞ்சம் நேரமாகும், அது திடீரென்று நின்றுபோனால் சமாளிக்கத்தான் கையில் இன்னொரு இடமாம். "நீங்க ஒவ்வொரு டோக்கன் போடறப்பவும் எங்கேயோ ஒரு பொட்டுக் கரி எரியுது மாமா. நம்ம கண்ணுக்குத் தெரியல, அவ்வளவுதான்" என்றாள். துணியில் கரி பட்டால் என்ன பாடு என்று எனக்குத் தெரியும், அதனால் உடனே புரிந்துவிட்டது. இடத்தை நீயே தேர்ந்தெடு என்று கம்பெனியில் முதன்முதலாக அவளை நம்பிப் பொறுப்பை விட்டிருக்கிறார்கள். அதை அப்பாவிடம் சொல்லத்தான் அன்றைக்கு உங்களுக்குப் போன் செய்தாளாம். நீங்கள் எடுக்கவில்லை.

ஆகவே அத்தான், தப்பு என் காதுடையது, பெண்ணுடையது அல்ல. அவளைக் கூப்பிட்டு இரண்டு வார்த்தை பேசுங்கள். பல் டாக்டர் வீட்டாரையும் மறுபடி அழையுங்கள். அவர்கள் வருகிற அன்று போட்டுக்கொள்ள, போன தடவை இங்கே விட்டுப்போன உங்கள் சந்தன நிறச் சட்டையை என் கையாலேயே தேய்த்து இந்தக் கடிதத்தோடு அனுப்புகிறேன்.

அக்காவுக்கு என் அன்பு. உங்கள் கோபத்துக்கு என் கும்பிடு.

இப்படிக்கு,
உங்கள் வீட்டுக்குப் பெண் கொடுத்தும் அடங்காத மைத்துனன்

பின்குறிப்பு: ஒட்டுவதற்கு முன் கடிதத்தை அவளிடம் படித்துக் காட்டினேன். பல் டாக்டர் வந்த இடத்தில் நிறுத்தச் சொன்னாள். அந்தக் குளிர் பிரதேசக் கட்டிடத்தைப் பார்த்துக்கொள்கிற இன்ஜினியரும் இவளும், காற்றாடியைப் பற்றி அவர் விளக்குவதற்காகத் தினம் பேசிப் பேசி, இப்போது காற்றாடி தவிர மற்றதெல்லாம் பேசுகிறார்களாம். நம் பாஷை பேசுகிறவர்தான். நானே போனை வாங்கி, தண்ணி உண்டா என்று கேட்டேன். பதில் வர நேரமானது. "கட்டிடத்துக்கா, எனக்கா?" என்றார். பிறகு, இரண்டுக்கும் இல்லை என்றார். ஆகவே மேலே எழுதியதை எல்லாம் விட்டுவிட்டு, போன வாரம் நான் போனில் சொன்னதையே வைத்துக்கொள்ளவும். இதையெல்லாம் நான் கேட்டுக்கொண்டிருந்தபோது இஸ்திரிப் பெட்டி உங்கள் சட்டையின்மேல் இருந்தது. முதுகுப் பக்கம்தான். சுவரோரமாக உட்கார்ந்தால் தெரியாது.