விசில் எண்ணும் பிஸ்கட்

மச்சானின் வெள்ளைப் பேண்ட்டில் குழம்பு கொட்டிய ஞாயிற்றுக்கிழமையில்தான் எல்லாம் ஆரம்பித்தது.

மச்சான் என்றால் என் மனைவியின் அண்ணன். கிரேன் ஓட்டுகிறவர். ஒரு லாரியையே அலுங்காமல் தூக்கி வைக்கிற மனுஷன், மடியில் வைத்த தட்டைச் சமாளிக்க முடியாமல் தோற்றுப்போனார். ஏன் மடியில் தட்டு? எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் சாப்பிட இடம் கிடையாது. அது என் ஆராய்ச்சிக்கூடம்.

அப்படி என்ன ஆராய்ச்சி என்று கேட்பீர்கள். ஒரு பிஸ்கட் அளவுக்குப் பச்சைப் பலகை. ஒரு ஜோடி நல்ல செருப்பு அதைவிட விலை ஜாஸ்தி. ஆனால் அதற்குள் ஒரு முழுக் கம்ப்யூட்டரே குடியிருக்கிறது! புரோகிராம் எழுதிக் கொடுத்தால் அப்படியே செய்கிறது. முதன்முதலில் நான் சொன்னபடி அதில் ஒரு குட்டி விளக்கு கண் சிமிட்டியபோது எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. சத்தியமாகச் சொல்கிறேன், கையெடுத்துக் கும்பிட்டேன். இந்த வீட்டில் நான் சொன்னதைக் கேட்ட முதல் ஜீவன் அது.

பகலில் நான் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறேன். ஊரில் பாதிப் பேருக்குக் கண் தெரிய வைக்கிறவன் நான்தான். சாயங்காலம் மேஜையில் உட்கார்ந்துவிட்டால் எனக்குக் காது கேட்காது. இது என் மனைவியின் புகார். அவள் ஒரு பல் டாக்டரின் கிளினிக்கில் வரவேற்பில் இருக்கிறாள். "ஒண்ணும் வலிக்காதுங்க, தைரியமா உள்ளே போங்க" என்று தேனாகப் பேசி எத்தனையோ அப்பாவிகளை அந்த நாற்காலிக்கு அனுப்பியவள். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். நான் மறந்துவிட்டேன்.

மச்சான் ஈரப் பேண்ட்டோடு கிளம்பியதும் பஞ்சாயத்து கூடியது.

"இந்த பிஸ்கட்டையெல்லாம் மூட்டை கட்டிப் பரண்ல போடப் போறேன்."

"ஐயோ, வேண்டாம்! அதைச் சாதாரணமா நினைக்காதே. உலகமே இதை வெச்சு என்னென்னமோ பண்ணுது."

"உலகம் பண்ணட்டும். நீங்க என்ன பண்ணீங்க?"

"விளக்கு சிமிட்டுச்சே!"

"என் கண்ணும்தான் சிமிட்டுது. அதுக்கு ஒரு மேஜையா?"

"சரி, என்ன பண்ணினா ஒத்துக்குவே?"

அவள் யோசிக்கவே இல்லை. "தினமும் குக்கரை வெச்சுட்டு, மூணு விசில் வந்ததும் அணைச்சிடுங்கன்னு சொல்லிட்டுக் குளிக்கப் போறேன். என்னிக்காவது அணைச்சிருக்கீங்களா? இதுவரைக்கும் கருகின கிழங்கை அடுக்கினா மொட்டை மாடிக்கே ஏறிப் போயிடலாம். அந்த பிஸ்கட் விசில் எண்ணட்டும். ஒழுங்கா எண்ணிடுச்சுன்னா மேஜை முழுசா உங்களுக்கு. இல்லேன்னா பரண்."

முழு மேஜை! சரி என்று தலையாட்டிவிட்டேன்.

பலகையோடு ஒரு மைக்கும் ஒரு குட்டி ஸ்பீக்கரும் சேர்த்தேன். மூன்றாவது விசில் வந்ததும் அது அறிவிக்க வேண்டும். யார் குரலில்? சந்தேகமென்ன, என் குரலில்தான். கல்யாணமான நாளிலிருந்து இந்த வீட்டில் நான் அதட்டிப் பேசியதில்லை. கதவைச் சாத்திக்கொண்டு, மீசையை நீவிவிட்டுக்கொண்டு, மைக்கில் முழங்கினேன்: "போதும்! எழுந்து போய் அடுப்பை அணை!" ஆஹா, என்ன கம்பீரம்! திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டேன்.

முதல் சோதனையில் மானம் போயிற்று. எங்கள் குக்கர் ஒரே ஒரு விசில்தான் விட்டிருக்கும். அதற்குள் பலகை "போதும்!" என்று கத்திவிட்டது. கிழங்கைக் கடித்த மனைவி தாடையைப் பிடித்துக்கொண்டாள்.

"எங்க டாக்டருக்கு ஆள் சேர்க்கறீங்களா?"

காரணம் எதிர்வீட்டில் இருந்தது. எங்கள் சமையலறை ஜன்னலும் தையல்கார அக்கா வீட்டுச் சமையலறை ஜன்னலும் நேருக்கு நேர். அவர் குக்கர் விட்ட விசிலையும் என் பலகை நம் கணக்கில் சேர்த்துவிட்டது.

விடுவேனா? இரண்டு குக்கர்களின் விசிலையும் தனித்தனியாகப் பதிவு செய்தேன். "இது நம்ம குக்கர், இது அக்கா குக்கர்" என்று விடாமல் போட்டுக் காட்டினேன். கடைசியில் அது கற்றுக்கொண்டது! என் காதுக்கு ஒரே மாதிரி இருக்கிற இரண்டு விசிலை, ஒரு பிஸ்கட் பிரித்துச் சொன்னது. மனிதன் எங்கேயோ போய்விட்டான் என்று நினைத்துக் கண் கலங்கினேன்.

அடுத்த ஞாயிறு பரீட்சை. மச்சான் முன்ஜாக்கிரதையாகக் கறுப்புப் பேண்ட்டில் வந்திருந்தார். மனைவி வேண்டுமென்றே அக்காவிடமும் குக்கர் வைக்கச் சொல்லி, அவரையும் வேடிக்கை பார்க்கக் கூட்டி வந்துவிட்டாள்.

நம் குக்கர் விசில் விட்டது. பலகையில் ஒரு விளக்கு எரிந்தது. எதிர்வீட்டு விசில். எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டோம். பலகை அசையவில்லை. மறுபடி எதிர்வீடு. ஊஹும். நம் குக்கர், இன்னொரு விளக்கு. பிறகு நம் மூன்றாவது விசில்.

"போதும்! எழுந்து போய் அடுப்பை அணை!"

மூடியைத் திறந்தால் கிழங்கு வெண்ணெயாக வெந்திருந்தது. மச்சான் எழுந்தே நின்றுவிட்டார். "மாப்ளே, என் கிரேன்கூட இப்படிச் சொன்ன பேச்சுக் கேட்காது!" அக்கா பலகையை ஒரு விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு விரலையும் பார்த்தார். மனைவியின் கண் அகல விரிந்தது.

"என்னங்க, நிஜமாவே அதிசயம்தாங்க இது." தேன் குரல்.

"மேஜை?"

"உங்களுக்குத்தான். சொன்னா சொன்னதுதான். ஒரே ஒரு சந்தேகம். நீங்க மேஜையில வேலையா இருக்கும்போது சமையலறையில கத்தினா கேட்குமா?"

"அது என்ன பிரமாதம்! ஸ்பீக்கரை மேஜைக்கே இழுத்துட்டா போச்சு."

"அம்மாடி! அக்கா வீட்டு விசிலையும் தனியா எண்ணுமா?"

"ஏன் எண்ணாது? அதோட விசிலும்தான் அதுக்குத் தெரியுமே!"

"அம்மாடி! அதுக்கும் குரல் கொடுக்குமா?"

"பேஷா!"

ஒவ்வொரு அம்மாடிக்கும் நான் ஒரு சாண் வளர்ந்தேன். அன்றைக்கே "எதிர்வீடு! சீக்கிரம் ஓடு!" என்று இன்னொரு முழக்கத்தையும் பதிவு செய்து வைத்தேன்.

மறுநாள் சாயங்காலம் இரண்டு வீட்டிலும் குக்கர் ஏறியது. அக்கா தன் வீட்டுச் சாவியை என் கையில் கொடுத்தார். மனைவி செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள்.

"ரெண்டு பேரும் எங்கே கிளம்பிட்டீங்க?"

"காலாற நடக்கத்தான். இத்தனை நாள் அந்த விசில்தானே எங்களைக் கட்டிப் போட்டிருந்துச்சு."

"அப்போ அடுப்பு?"

"அந்த மிஷின் பக்கத்துல போகவே எனக்குப் பயமா இருக்குங்க. உங்களைத் தவிர யாருக்கு அதைப் பத்தித் தெரியும்? ஒண்ணும் வலிக்காது."

போய்விட்டார்கள். என் முழு மேஜையில் ராஜா மாதிரி உட்கார்ந்தேன். ஒரு ஒயரைக் கையில் எடுத்தேன்.

"போதும்! எழுந்து போய் அடுப்பை அணை!"

யாரை அதட்டுகிறேன் என்று சுற்றுமுற்றும் பார்த்தேன். வீட்டில் என்னைத் தவிர ஒருத்தரும் இல்லை. ஓடி அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். "எதிர்வீடு! சீக்கிரம் ஓடு!" சாவியைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். என் குரலில் இவ்வளவு அதிகாரம் இருப்பது எனக்கே அன்றுதான் தெரியும். அதன் பிறகு தினமும் இதே ஓட்டம். மேஜை என்னுடையதுதான், உட்காரத்தான் நேரமில்லை.

நேற்று அக்கா வீட்டு அடுப்பை அணைத்துவிட்டு மூச்சு வாங்க வந்தேன். மேஜையில் மனைவி உட்கார்ந்திருந்தாள். அவள் கையில் என் உபரிப் பலகை ஒன்று. அதில் குட்டி விளக்கு கண் சிமிட்டிக்கொண்டிருந்தது. அவள் முகம் அப்படியே ஜொலித்தது. இந்தத் தடவை அது கிளினிக் முகம் இல்லை.

"நான் சொன்னதை அப்படியே கேட்குதுங்க! எனக்கு உடம்பெல்லாம் சிலிர்க்குது!"

புரோகிராமைப் பார்த்தேன். எனக்கும் சிலிர்த்தது. நான் எழுதுவதில் பாதி நீளம்கூட இல்லை, ஒரு பிழையும் இல்லை.

"இதெல்லாம் எப்போ கத்துக்கிட்டே?"

"நடையைச் சீக்கிரம் முடிச்சுட்டு வந்து, நீங்க அக்கா வீட்டுக்கு ஓடற நேரத்துலதான். வாஷிங் மெஷின் நின்னதும் கூப்பிடற மாதிரி பண்ணியிருக்கேன்."

"யாரை?"

அவள் மைக்கை என் முன்னால் நகர்த்தினாள். "எல்லாம் தயார். குரல்தான் பாக்கி. 'துணி காயப்போட வா!'ன்னு அதே மாதிரி அதட்டலா சொல்லுங்க. நான் கூப்பிட்டா உங்க காதுல விழாது. உங்க குரல்னாத்தான் உடனே ஓடறீங்க."

தொண்டையைச் செருமிக்கொண்டேன். "ஐயா, கொஞ்சம் துணி காயப்போட வாங்க" என்று ரொம்பப் பணிவாகச் சொன்னேன். இந்த வீட்டில் நானாவது எனக்கு மரியாதை கொடுக்க வேண்டாமா?