பூட்டம்மா வீட்டு வாக்காளர்கள்

பூட்டைக் கண்டுபிடித்தவர் எந்த நாட்டுக்காரராக இருந்தாலும் சரி, எங்கள் பூட்டம்மாவை நேரில் பார்த்திருந்தால், "இவ்வளவு வேண்டாமே தாயே" என்று கையெடுத்துக் கும்பிட்டிருப்பார்.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஓர் இரும்பு உருக்காலையில் வேலை கிடைத்தபோது நான் குடியேறியது அந்தம்மா வீட்டில். முன்னால் அவர் வீடு, பின்னால் வரிசையாக எட்டு அறைகள், எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே கதவு எண். கேட்டுக்கு ஒரு பூட்டு, மாடிப்படிக்கு ஒன்று, மோட்டார் சுவிட்சுப் பெட்டிக்கு ஒன்று. தண்ணீர்க் குழாயின் கழுத்தில்கூட ஒரு குட்டிப் பூட்டு தொங்கும். சாவிக்கொத்து இடுப்பில் ஆட அவர் நடந்து வந்தால், சலங்கை கட்டிய மாடு வருகிறதோ என்று தெரு திரும்பிப் பார்க்கும்.

அந்தம்மாவின் சொந்தப் பெயர் எங்கள் யாருக்கும் தெரியாது. அவரும் எங்களை அறை எண் சொல்லித்தான் கூப்பிடுவார். உலைப் பிரிவில் வேலை செய்யும் தாசும் நானும் மூன்றாம் அறை. அவன் "நெட்ட மூணு", நான் "குட்ட மூணு".

எங்கள் ஊர் கடம்பத்தூர் பக்கம். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் ஆள் நான். தேர்தல் என்றால் நிலக்காரர் அனுப்பும் டிராக்டரில் ஏறிப்போய், அவர் சொன்ன சின்னத்துக்குப் போட்டுவிட்டு வந்தவர் அப்பா. "நீயாச்சும் உன் கால்ல நடந்து போய் போடுடா" என்பார். பாலிடெக்னிக் விடுதியில் இருந்தபோது பெயர் சேர்க்காமல் விட்டுவிட்டேன். இனியும் விடக்கூடாது என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை தைரியத்தை வரவழைத்துக்கொண்டு பூட்டம்மாவிடம் போனேன்.

"அம்மா, உங்க அட்ரஸ்ல ஓட்டு லிஸ்ட்ல பேர் சேக்கணும்."

சாவிச் சத்தம் சட்டென்று நின்றது.

"எதுக்கு? பேரு ஏறினப்பறம் ஊடு உன்துன்னு கோர்ட்டுக்குப் போவறதுக்கா?"

"பேர் இருந்தா வீடு சொந்தமாயிடாதும்மா. அப்படிச் சட்டமே இல்ல."

"நீ சட்டமா படிச்ச?"

"டிப்ளமா மெக்கானிக்கல்."

"அப்ப மிசினப் பத்திப் பேசு, நைனா."

அந்தம்மாவை மட்டும் குறை சொல்ல முடியாது. தொழிற்பேட்டையைச் சுற்றி வாடகைக்கு விடுகிறவர்களில் பலருக்கு இந்தப் பயம் உண்டு. எந்தப் புரோக்கர் கிளப்பிவிட்டதோ தெரியவில்லை. அதனால் எட்டு அறைகளிலும் நாங்கள் சமைத்தோம், குளித்தோம், சண்டை போட்டோம். அரசாங்கக் கணக்கில் மட்டும் அங்கே நாங்கள் இல்லை.

அப்போதுதான் வீடு வீடாகப் படிவம் கொடுத்து வாக்காளர் பட்டியலைச் சரிபார்க்கும் வேலை வந்தது. எங்கள் தெருவுக்குப் பொறுப்பாக வந்தவர், வேறு ஊரிலிருந்து புதிதாக மாற்றலாகி வந்த அங்கன்வாடி டீச்சர். தெருமுனையில் அவர் தலை தெரிந்ததும் பூட்டம்மா மின்னல் வேகத்தில் கேட்டை வெளியே பூட்டிவிட்டு, எதிர் டீக்கடை பெஞ்சில் போய் உட்கார்ந்து முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டார். உள்ளே மாட்டிக்கொண்ட நானும் தாசும் கேட்டு இடுக்கு வழியாகப் பார்த்தோம்.

டீச்சர் பூட்டை ஆட்டிப் பார்த்துவிட்டு நேராக அந்தம்மாவிடமே போனார்.

"ஏம்மா, இந்த வீட்ல யாரும் இல்லையா?"

"இல்லியே. பூட்டிக்கினு போய்ட்டாங்க."

"எங்க?"

"ஆந்திரா பக்கம், பொண்ணு ஊட்டுக்கு. அங்கியே செட்டில் ஆயிட்டாங்க. மாந்தோப்பு, பம்புசெட்டு, எல்லாம் கீது."

"திரும்பி வருவாங்களா?"

"வரமாட்டாங்க. நல்ல பொம்பள, பாவம்."

தாஸ் சிரிப்பை அடக்கத் துண்டை வாயில் திணித்துக்கொண்டான். அடுத்தடுத்து டீச்சர் வந்தபோதெல்லாம் மாந்தோப்பு விரிந்துகொண்டே போனது. கடைசி முறை அதில் நாலு எருமைகள் மேய்ந்தன. பூட்டு திறக்கத் தாமதமாகி எங்களுக்கு ஷிப்டு பஸ் போனதுதான் மிச்சம்.

வரைவுப் பட்டியல் வெளியானது. எங்கள் கதவு எண்ணில் பூட்டம்மா ஒருவர்தான் வாக்காளர்; அந்த எண்ணே அதில் இல்லை. இடம் மாறிப் போனவர்கள் என்று தனியாக ஒட்டியிருந்த தாளில் இருந்தது.

இதில் சிரிக்க ஒன்றுமில்லை என்பது எங்களுக்குப் பிறகுதான் புரிந்தது. ஒவ்வொரு தேர்தலிலும் எங்கள் பகுதி ஓட்டுச்சாவடியான பள்ளிக்கூடத்தில் முதல் ஓட்டு அந்தம்மாவுடையது. கட்சி ஏஜெண்டுகள் நாற்காலி போடுவதற்கு முன்னாலேயே, கல்யாணப் பட்டுப்புடவையைக் கட்டிக்கொண்டு போய் நிற்பார். கணவர் இறந்த பிறகு கல்யாணம், காதுகுத்து எதற்கும் அந்தம்மாவை முன்னால் நிற்கவிடுவதில்லை. யாரும் முகம் சுளிக்காமல் முதல் ஆளாக அவர் நிற்க முடிந்தது அந்த ஒரு வரிசையில்தான்.

அன்று சாயங்காலம் சாவிச் சத்தமே இல்லாமல் எங்கள் அறை வாசலில் வந்து நின்றார்.

"குட்ட மூணு... லிஸ்ட்ல நான் இல்லியாம்டா."

"அதான் ஆந்திராவுல செட்டில் ஆயிட்டீங்களே. எருமைங்கள்லாம் எப்டிக்கீது?" என்றான் தாஸ்.

"பேஜாரு பண்ணாத நெட்ட, தண்ணிய நிறுத்திடுவேன்" என்றார். சொல்லும்போதே குரல் உடைந்துவிட்டது. தாஸ் எழுந்து, தான் உட்கார்ந்திருந்த நாற்காலியைத் துடைத்துப் போட்டான்.

பெயரைப் புதிதாகச் சேர்க்க ஆறாம் எண் படிவத்தை வாங்கிவந்து கொடுத்தேன்; யாருக்கும் காட்டாமல் அந்தம்மாவே நிரப்பி அனுப்பினார். விசாரிக்க டீச்சர் வந்தார். திறந்து கிடந்த கேட்டைப் பார்த்தார். வாசலில் நின்ற அந்தம்மாவை மேலும் கீழும் பார்த்தார்.

"நீங்க டீக்கடை பெஞ்சுல இருந்தவங்க இல்ல?"

அந்தம்மா முந்தானையைத் தலைக்கு இழுத்தார்.

"இந்த வீட்டம்மா திரும்பி வரவே மாட்டாங்கன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"வந்துட்டாங்கமா" என்றார் பூட்டம்மா, மெதுவாக.

டீச்சர் சிரிக்கவில்லை. "நீங்க இங்கதான் இருக்கீங்கன்னு அக்கம்பக்கத்துல யாராவது சொல்லட்டும்."

இடப்பக்கம் பழைய இரும்புக் கிடங்கு. வலப்பக்கத்துக் குடும்பத்தோடு மதில் தகராறில் பேச்சுவார்த்தையே கிடையாது. மிச்சம், அறை வாசல்களில் நின்ற நாங்கள்தான்.

"இவங்கள்லாம் யாரு?" என்றார் டீச்சர்.

அந்தம்மாவின் கை சாவிக்கொத்தை இறுக்கியது. எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். "குடித்தனக்காரங்க. எட்டு ரூமும். இங்கதான் இருக்காங்க" என்றார்.

டீச்சர் தாசைக் கூப்பிட்டார். "இந்தம்மாவத் தெரியுமா?"

"நல்லாத் தெரியும் மேடம்."

"பேரு?"

தாஸ் என்னைப் பார்த்தான். நான் குழாயைப் பார்த்தேன்.

"பூட்டம்மா" என்றான்.

டீச்சரின் பேனா நின்றது. அந்தம்மா பக்கம் திரும்பி, "இந்தத் தம்பி பேரு?" என்றார்.

"மூணு."

"பேரக் கேட்டேன்."

"நெட்ட மூணு."

"பேரே தெரியாதவங்கள வெச்சு நான் என்ன எழுதறது?" என்று டீச்சர் பையை மூடினார்.

"பேரு தெரியாதுமா" என்று பூட்டம்மா படபடவென்று ஆரம்பித்தார். "ஆனா இந்த நெட்டையன் உலைலேர்ந்து வந்தா செருப்பக்கூட கழட்டமாட்டான், நேரா குழாய்க்குத்தான் வருவான். அதுக்குன்னே அந்த நேரத்துக்குக் குழாயத் தொறந்து வெக்கிறேன். குட்டையன் அவங்கம்மாகிட்ட போன்ல பேசசொல்லோ மாடிப்படிலதான் குந்துவான். அவன் பேசி முடிக்கிற வரைக்கும் அந்தப் பூட்டு பக்கமே நான் போவமாட்டேன். வேற இன்னா தெரியணும், கேளு."

தாஸ் தொண்டையைச் செருமினான். "எனக்கு ஜுரம் வந்தப்ப கஞ்சி வெச்சுக் குடுத்தாங்க மேடம். டம்ளர் திரும்பி வர்ற வரைக்கும் வாசல விட்டு நவுரல, அது வேற விஷயம்."

டீச்சர் இப்போது சிரித்துவிட்டார். எழுதிக்கொண்டே, "இவங்களும் இங்கயே பேரு சேக்கணும்னா படிவம் குடுக்கலாம்மா. குடுக்கட்டுமா?" என்றார்.

அந்தம்மா சாவிக்கொத்தை இடுப்பில் செருகிக்கொண்டார். "குடு. ஆனா ஊடு என்துன்னு அதுலியே ஒரு ஓரமா எழுதிடு."

தேர்தல் அன்று விடியுமுன் அறைக் கதவுகளைத் தட்டி எழுப்பினார். பட்டுப்புடவையில் அவர் முன்னால் நடக்க, எட்டு அறைகளும் பின்னால் நடந்தோம். பள்ளிக்கூட வாசலில் அவருக்கு முன்னால் ஈ, காக்கை இல்லை. உள்ளே அலுவலர் அவர் பெயரை உரக்கப் படித்தார். நல்ல பெயர். இங்கே எழுத மாட்டேன், அந்தம்மா இந்தப் பத்திரிகைக்கும் பூட்டுப் போட்டுவிடுவார்.

இப்போது எனக்கு வேறு ஊரில் வேலை. ஓட்டையும் இங்கே மாற்றிக்கொள்ளப் போவதாகப் போனில் சொன்னேன்.

"எதுக்கு? இங்கியே இருக்கட்டும்டா. உன் பேரு ஒண்ணு இருந்தா இன்னா கொறஞ்சிடப் போவுது?"

"இருக்கற ஊர்லதான் பேரு இருக்கணும்மா. அதான் முறை."

"உன் முறையும் நீயும்" என்று வைத்துவிட்டார்.

படிவத்தை அனுப்பிவிட்டேன். ஆனால் அடுத்த தேர்தலன்று இங்கே காலையிலேயே ஓட்டுப் போட்டுவிட்டுக் கும்மிடிப்பூண்டிக்கு ரயில் ஏறிவிடுவதாக இருக்கிறேன். மை வைத்த தன் விரலைக் காட்ட, அந்தம்மாவுக்கும் வீட்டு ஆள் யாராவது வேண்டாமா?