சுசித்ராவின் வயிறு குறித்த அவசரக் கூட்டம்

உலகிலேயே குடும்பக் கட்டுப்பாட்டைச் சரியாகப் புரிந்துகொண்ட குடும்பம் போடிநாயக்கனூர் மொக்கச்சாமியின் குடும்பம்தான். குடும்பமே திரண்டு ஒருத்தியைக் கட்டுப்படுத்துவது என்று அவர்கள் அதற்குப் பொருள் கண்டிருந்தார்கள்.

இளைய மருமகள் சுசித்ரா நர்ஸ். ஜெர்மன் மொழியோடு மல்லுக்கட்டிப் பரீட்சையில் தேறி, அந்த நாட்டு ஆஸ்பத்திரி ஒன்றில் வேலையும் வாங்கிவிட்டாள். ஆகவே அவளுடைய வயிறு குறித்து ஞாயிற்றுக்கிழமை அவசரக் கூட்டம் கூடியது. தலைமை, மாமனார் மொக்கச்சாமி. முன்னிலை, மாமியார் அன்னக்கொடி. கணவன் விஜயகுமார் 'தலையாட்டும் உறுப்பினர்'. சுசித்ராவுக்கு டீ போடும் பொறுப்பைக் கொடுத்துக் கௌரவித்தார்கள்.

"மொதல்ல பேரப்புள்ள, பெறகுதான் ப்ளேனு," என்று மாமனார் தீர்மானத்தை முன்மொழிந்தார்.

"மாசத்தப் பாத்துச் சொல்லுங்க. காய் எடுப்புல பெத்தா யாரு பாக்குறது? போடிமெட்டு ஜீப்பு எனக்காக நிக்குமா?" என்றாள் மாமியார். மலைத் தோட்டத்தில் ஏலக்காய் பறிக்கும் பெண்களுக்கு அவள்தான் கங்காணி.

காய் எடுப்பு ஓய்ந்த பங்குனியில் குழந்தை பிறக்க வேண்டும் என்று ஏகமனதாக முடிவானது. குழந்தைக்குத் தகவல் சொல்லும் வேலை விஜயகுமாருக்கு ஒதுக்கப்பட்டது. அவன் தலையாட்டினான்.

சுசித்ராவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "இப்பப் போகலேன்னா வேல கைவிட்டுப் போயிரும் மாமா."

"ஆஸ்பத்திரி எங்க ஓடிறப் போகுது, ஆத்தா?"

"பானு அக்காவுக்கு மட்டும் ஏன் புள்ள வேணாம்னு சொன்னீங்க?"

பானுப்பிரியா மூத்த மருமகள், குவைத்தில் நர்ஸ். ஊருக்கு வந்து ஒரு பிள்ளை பெற்றுக்கொள்கிறேன் என்று அவள் கெஞ்சியபோது, அவள் அனுப்பும் பணத்தில் எழும்பிய இந்த வீட்டு மாடி பாதியில் நின்றது. 'மாடி முடியட்டும்' என்று அன்றைய கூட்டம் தீர்மானித்தது. மாடி முடிந்துவிட்டது. இப்போது அவள் கேட்டால் டாக்டர் உதட்டைப் பிதுக்குகிறார்.

"அதான் மாடி கட்டியாச்சுல்ல," என்றார் மாமனார் பெருந்தன்மையோடு. "அதுல தவழ ஒரு புள்ள வேணாமா?"

சுசித்ரா டீத் தட்டைத் தரையில் வைத்தாள். "நான் அடுத்த மாசமே வர்றேன்னு அங்க தேதி சொல்லிட்டேன்."

"யாரக் கேட்டுச் சொன்ன?"

"எப்ப வரத் தோதுப்படும்னு என்னையத்தான் கேட்டாங்க மாமா. என் மூஞ்சியக்கூட நேர்ல பாக்காதவங்க கேட்டாங்க. இந்த வீட்ல பானு அக்காவையும் யாரும் கேக்கல, என்னையவும் யாரும் கேக்கல."