கவுன்சிலரம்மா கொடுத்த கடிதம்

தலைநகரின் முனிர்க்கா பகுதியில், மூன்றாவது மாடி பால்கனியில், குளிர்கால வெயிலில் சாய்ந்தபடி கல்யாணராமன் பத்து வருஷமாகக் கவுன்சிலராக இருந்தார். கண்ணை மூடினால் பதவி, திறந்தால் மனைவி வைதேஹி.

கனவில் அவர் கை காட்டிய இடத்தில் பூங்கா முளைத்தது. தெருவிளக்குகள் அவரைக் கண்டதும் பட்டப்பகலிலேயே எரிந்தன. குரங்குகள்கூட வரிசையில் நின்று மனுக் கொடுத்தன.

மத்திய சர்க்கார் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற கையோடு, தேர்தலில் நின்றே தீருவது என்று சபதம் எடுத்தார். அந்த வாரமே அவர் வார்டைப் பெண்களுக்கு ஒதுக்கிவிட்டார்கள்.

அன்று முழுக்க அவருக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாள் காலையில் முகம் பளிச்சென்று ஆகிவிட்டது.

"வைதேஹி, நீ நில்லு!"

"அடுப்புல ரசம் கொதிக்கறது. நின்னுண்டுதான் இருக்கேன்."

"தேர்தல்ல நில்லுடி! பேரு உனக்கு, பாரம் எனக்கு. நீ கையெழுத்து மட்டும் போட்டாப் போறும்."

"நாற்காலி?"

"அதை நான் பாத்துக்கறேன்."

"அச்சா" என்றாள் வைதேஹி.

கல்யாணராமன் பேசிய ஆபீஸ் இந்தி ஒருவருக்கும் புரியவில்லை. வைதேஹி காய்கறி வண்டிக்காரரோடு இருபத்தெட்டு வருஷம் பேரம் பேசிய இந்தியோடு வாசல் வாசலாகப் போனாள். வறண்ட குழாயை எல்லாம் திருகிப் பார்த்தாள். ஜெயித்தும் விட்டாள். மாலை விழுந்தபோது கல்யாணராமனும் பக்கத்தில் நின்று கழுத்தை நீட்டினார். யாரும் கவனிக்கவில்லை.

பதவியேற்ற நாலாம் நாள், 'எனக்குப் பதிலாக என் கணவர் அமர்ந்து எல்லாவற்றையும் கவனிப்பார்' என்று ஒரு கடிதம் டைப் அடித்து நீட்டினார்.

"கையெழுத்துப் போடு. ஜல்தி!"

உள்ளே போனவள், ஒட்டிய உறையோடு திரும்பி வந்தாள்.

"ஏன் ஒட்டினே?"

"ஆபீஸ் கடுதாசியை நடுவுல யாரும் பிரிக்கப்படாதுன்னு காலம் பூரா நீங்கதானே சொல்லிண்டிருக்கேள்?"

அவருக்குப் பெருமை தாங்கவில்லை. ஆட்டோவில் போகும்போது சாலையோர வேப்பமரங்கள் அவருக்குச் சாமரம் வீசின. பனிமூட்டம்கூட மரியாதையாக ஒதுங்கி வழிவிட்டது.

வார்டு அலுவலகத்தில் கிளார்க் எழுந்து நின்றார். அவருக்குப் பின்னால் அந்த நாற்காலி! உயரமான முதுகு, சுழலும் கால், மேலே வெள்ளைத் துண்டு. கல்யாணராமன் பாதி உட்கார்ந்தே விட்டார்.

"ஒரு நிமிஷம், சாப்" என்று கிளார்க் அவர் கையிலிருந்த உறையை வாங்கிப் பிரித்தார். உள்ளே இருந்தது டைப் அடித்த கடிதம் இல்லை. வைதேஹி தன் கைப்பட இந்தியில் எழுதியிருந்ததை அவர் உரக்கப் படித்தார்:

"வருகிறவர் என் கணவர். நாற்காலி கேட்பார். ஒரு டீ மட்டும் கொடுக்கவும். சர்க்கரை போட வேண்டாம்."