ஏழாம் இலக்கப் பேணி

நோர்வேயில், ஒஸ்லோ நகரில் இந்தக் கதையைச் சொல்பவர்கள், சற்குணத்தார் சிகரெட்டை விட்ட நாளிலிருந்து தொடங்குவார்கள். பேர்கன் நகரில் சொல்பவர்கள், அவர் பொய்யை விட்ட நாளிலிருந்து தொடங்குவார்கள். இரண்டு வடிவங்களையும் பலர் வாயால் கேட்டு ஒப்புநோக்கினால், கதை உண்மையில் ஒரு தொலைபேசி அழைப்பில் தொடங்குவது தெரியவரும்.

இரண்டாயிரத்து எட்டாம் ஆண்டு டிசெம்பர் இருபத்தாறு, நத்தாருக்கு மறுநாள். பேர்கனில் தாதியாக வேலை செய்யும் மகள் வர்சா அழைத்தாள். அவளுக்கு எட்டாம் மாதம் முடிந்துகொண்டிருந்தது.

“அப்பா, இப்பவே சொல்லிப்போட்டன். புகையிலை பாவிக்கிற ஆளிட்டைப் பிள்ளையைத் தரமாட்டன். அம்மப்பா எண்டாலும் தரமாட்டன்.”

“நான் கையைக் கழுவிப்போட்டுத் தூக்கிறன், பிள்ளை.”

“நெஞ்சையும் கழுவுவியளோ? பிள்ளை பிறந்து முப்பத்தொண்டாம் நாள் சடங்குக்கு வரேக்கை நேரை கேட்பன். நீங்கள் உண்மையைச் சொல்லவேணும்.”

தொலைபேசி வைக்கப்பட்டது. சற்குணத்தார் பல்கனிக்குச் சென்றார். வெளியே மைனஸ் பதினான்கு. ஒரு சிகரெட்டைப் பற்றவைத்து, புகைத்தலைக் கைவிடுவது பற்றி ஆழமாகச் சிந்தித்தார். சிந்தனை நீண்டதால் இன்னொன்றையும் பற்றவைத்தார்.

அவரைப் பற்றி ஒரு சொல். ஐம்பத்தேழு வயது. ஒஸ்லோ வைத்தியசாலை ஒன்றில் சத்திரசிகிச்சைக் கருவிகளைக் கிருமிநீக்கும் பகுதியில் பத்தொன்பது ஆண்டுகள் வேலை. வெப்பம், அழுத்தம், நேரம் என்று ஒவ்வொன்றையும் எழுதிக் கையொப்பமிடாமல் அவர் கையிலிருந்து ஒரு கத்தரிக்கோலும் வெளியே போனதில்லை. இந்தப் பழக்கம் அவருக்கு முன்பே வீட்டுக்கு வந்துவிடும். புதிதாக வாங்கிய கேத்திலை மூன்று கிழமை பரிசோதித்த பிறகே அதில் தேநீருக்குத் தண்ணீர் வைக்க அனுமதித்தவர் அவர். அந்த மூன்று கிழமையும் அவர் மனைவி சிவரஞ்சினி சட்டியில் தண்ணீர் கொதிக்கவைத்தாள்.

புதுவருடத்துக்கு முதல்நாள், அவர் மேசையில் தட்டி அறிவித்தார்.

“இஞ்சேரும், இண்டையோடை சிகரெட் சரி. இனி என்ரை வாயிலை ஒரு சிகரெட்டும் ஏறாது.”

சிவரஞ்சினி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். “சிகரெட்தானே?”

“சிகரெட்தான்.”

“சரி,” என்றாள். அந்தச் ‘சரி’யைச் சற்குணத்தார் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார். முப்பது வருடத் தாம்பத்தியத்தில் அவர் செய்த மிகப்பெரிய அளவீட்டுப் பிழை அதுதான்.

ஏனெனில் அவருடைய திட்டம் அந்தச் சொல்லிலேயே ஒளிந்திருந்தது. அவர் கைவிட்டது சிகரெட்டை, புகையிலையை அல்ல. கூட வேலை செய்யும் பிலேந்திரன் ஒரு செய்தி சொல்லியிருந்தார். ஜேர்மனியிலிருந்து ஓர் இயந்திரம் வருகிறது. பெயர் வேப்பரைசர். காய்ந்த மூலிகையைத் தூளாக்கி மேலே உள்ள சின்னக் கிண்ணத்தில் இட்டால், கீழிருந்து சூடான காற்று வந்து இலையை எரிக்காமலே அதன் சாரத்தை ஆவியாக்கும். ஆவி ஒரு பலூன் பையில் நிறையும். பையைக் கழற்றி, வாயில் வைத்து இழுக்கவேண்டியதுதான். நெருப்பில்லை, சாம்பலில்லை, புகையுமில்லை. அப்படியானால் குற்றமுமில்லை என்று சற்குணத்தார் தம் பங்குக்குச் சேர்த்துக்கொண்டார்.

இயந்திரம் வந்தது. பளபளக்கும் உருக்குக் கூம்பு. வெப்பநிலையைக் காட்டும் சிவப்பு இலக்கங்கள். சாப்பாட்டு மேசையின் நடுவில் அது கோபுரம் போல அமர்ந்தது.

“உதென்ன, புட்டு அவிக்கிற சாமானோ?”

“மூலிகை வைத்தியம். ஓமம், துளசி, யூகலிப்டஸ். என்ரை இருமலுக்கு. ஆனால் நல்ல சாமானோ எண்டு முதல் மதிப்பிடவேணும். அதுக்கு நீர்தான் உதவி.”

“நான் என்ன செய்யிறது?”

சற்குணத்தார் தொண்டையைச் செருமிக்கொண்டார். தூள் நிரப்பி மூடிய, ஒரேமாதிரியான ஏழு பழைய கோப்பித் தகரப் பேணிகளை வரிசையாக வைத்தார். ஒவ்வொன்றிலும் ஓர் இலக்கம் மட்டும் ஒட்டியிருந்தது. எந்தப் பேணியில் எது என்ற விபரம் உறையிலிட்டு மூடப்பட்டு அவருடைய மேசை லாச்சியில் இருந்தது.

“இதுதான் மறைவுச் சோதனை. ஒவ்வொரு நாளும் பின்னேரம் அஞ்சரைக்கு, அந்தந்த நாளுக்குரிய பேணியிலையிருந்து ஒருக்கால் நிரப்பவேணும். கடைசியிலை ஏழாம் பேணி. அது ஒப்பிடுறதுக்கு, ஒவ்வொரு நாளும் வரும். நிரப்பேக்கை நான் பார்க்கமாட்டன். மிஞ்சின தூளையும் நீர்தான் கொட்டவேணும். உள்ளுக்கை என்ன எண்டு நீர் கேட்கக்கூடாது. மணந்தும் பார்க்கக்கூடாது. மணந்தால் சோதனை பழுதாப்போயிடும்.”

“அப்ப நான் என்னத்தை நிரப்பிறன் எண்டு ஒருத்தரும் பார்க்கமாட்டினம்?”

“ஒருத்தரும் பார்க்கக்கூடாது. அதுதான் விஞ்ஞானம்.”

“நல்ல விஞ்ஞானம்,” என்றாள் சிவரஞ்சினி.

ஏழாம் பேணியில் இருந்தது என்னவென்று சொல்லத் தேவையில்லை. சுருட்டிப் புகைக்கும் புகையிலை, நன்றாக அரைத்தது. சனிக்கிழமை தோறும், சிவரஞ்சினி காலிசெய்து தரும் பேணியில் அவரே அதை நிரப்பிவைப்பார்.

சோதனை தொடங்கியது. முதல்நாள் ஏழாம் பேணியின் பலூனை இழுத்தபோது சற்குணத்தாரின் கண்கள் கலங்கின. குறிப்பேட்டில் எழுதினார்: ‘சூடேறும் நேரம்: மூன்று நிமிடம். பலூன் நிறைவு: சீர். ஏழாம் மாதிரி: பத்துக்கு ஒன்பது. நன்றி.’ கடைசிச் சொல் யாருக்கு என்று குறிப்பிடவில்லை.

இரண்டாம் நாள் சாப்பாட்டின்போது சிவரஞ்சினி தன் வேலைத்தலத்துக் கதை ஒன்று சொன்னாள். அவள் சிறுவர் பூங்கா எனப்படும் பாலர் பள்ளியொன்றில் சமையல் செய்பவள். முப்பது பிள்ளைகளுக்கு மதியச் சாப்பாடு அவள் கையில்.

“கரட் எண்டால் ஒண்டும் வாயைத் திறக்காது. அதாலை மீன் கேக்குக்குள்ளை முதல்நாள் அரைக் கரண்டி துருவிப் போட்டனான். பிறகு ஒரு கரண்டி. இப்ப பாதி மீன், பாதி கரட். தட்டை வழிச்சு நக்குதுகள். கேட்டியளோ?”

“ம்,” என்றார் சற்குணத்தார். அவர் இயந்திரத்தின் கையேட்டில், வடிகட்டியைக் கழுவும் முறை பற்றிய பக்கத்தில் இருந்தார். கதையின் எல்லா வடிவங்களிலும் இந்த ‘ம்’ மாறாமல் இருக்கிறது.

இரண்டாம் கிழமை அவருக்கு இயந்திரத்தின்மேல் சந்தேகம் வந்தது. தலையிடித்தது. தொலைக்காட்சியின் தூரக்கட்டுப்பாட்டுக் கருவியைக் காணவில்லை என்று வீட்டையே புரட்டினார். அது அவருடைய கையில் இருந்தது. ‘இயந்திரத்தின் குணம் மாறுகிறது,’ என்று எழுதி, வெப்பநிலையை ஐந்து பாகை உயர்த்தினார். சிவரஞ்சினி மல்லிக்கோப்பியும் பனங்கட்டியும் கொண்டுவந்து வைத்தாள். நேரத்துக்கு நேரம் வைத்தாள். அவர் கேட்கும் முன்னரே வைத்தாள்.

“ஏன் இவ்வளவு கவனிப்பு?”

“சோதனை செய்யிற ஆள் பலமா இருக்கவேணும்தானே.”

மூன்றாம் கிழமை தலையிடி நின்றது. ஏழாம் பலூன் முன்னெப்போதையும்விடச் சுவைத்தது. ‘தொண்டையில் நல்ல கனதி. பின்சுவையில் ஒரு காரம். பத்துக்கு ஒன்பதரை.’ அந்தக் கிழமைதான் பேர்கனில் பேத்தி பிறந்தாள். செய்தி கேட்டு அவர் நான்கு மாடிப் படியையும் ஓடி ஏறினார். ஏறி முடித்த பிறகே, நடுவில் மூச்சு வாங்க நிற்கவில்லை என்பது உறைத்தது. காலை இருமல் எங்கே போனது என்றும் தெரியவில்லை. இயந்திரத்தை ஈரத்துணியால் துடைத்து, மெல்லத் தட்டிக்கொடுத்தார்.

மண்டபத்தில் சில கிழமை பிந்தி நடந்த பொங்கல் விழாவில் மட்டும் ஒரு சின்னக் கலக்கம். பட்டுச்சேலை கட்டிப் பக்கத்தில் அமர்ந்திருந்த சிவரஞ்சினியிடமிருந்து மெல்லிய புகையிலை மணம் வந்தது.

“இஞ்சேரும், உம்மடை சீலையிலை ஒரு மணம் வருது.”

“என்ன மணம்?”

புகையிலை என்று சொன்னால், சிகரெட்டை விட்டவருக்கு அந்த மணத்தில் என்ன அக்கறை என்ற கேள்வி வரும். “மல்லிகைப்பூ மணம்,” என்றார்.

“நான் பூ வைக்கேல்லையே,” என்றாள் அவள், அமைதியாக.

பெப்ரவரி முடிவில் பிள்ளையின் முப்பத்தோராம் நாள் வந்தது. அதுவரை சம்பந்தியம்மா வர்சாவைப் பார்த்துக்கொண்டார். சற்குணத்தாரும் சிவரஞ்சினியும் காலை ரயிலில் பேர்கனுக்குப் புறப்பட்டார்கள். வழிநெடுக மலையெங்கும் பனி. சற்குணத்தார் பையிலிருந்து நான்கு பக்கக் கடிதம் ஒன்றை எடுத்தார். இயந்திரம் செய்த நிறுவனத்துக்கு நன்றி மடல். தமிழில் எழுதியிருந்தார், பிலேந்திரன் ஜேர்மன் மொழியில் மாற்றித் தருவதாக ஏற்பாடு. உரத்து வாசித்தார்.

“‘அன்புள்ள ஐயா, நீங்கள் யாரோ எவரோ அறியேன். ஆனால் என் நெஞ்சிலிருந்த கல்லை இறக்கிவைத்தவர் நீங்கள். நான் கேளாமலே, நான் அறியாமலே, நாள்தோறும் என்னை மீட்டெடுத்தீர்கள்...’ எப்பிடி?”

சிவரஞ்சினி யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கண் கலங்கியிருந்ததாக ஒஸ்லோவில் சொல்கிறார்கள். சிரிப்பை அடக்கியதாகப் பேர்கனில் சொல்கிறார்கள். இரண்டும் ஒருங்கே நடந்திருக்கவும் கூடும்.

வர்சாவின் வீட்டில் பால் மணமும் மஞ்சள் மணமும் கலந்திருந்தன. அவள் பிள்ளையைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்து, தகப்பனுக்கு முன்னால் நின்றாள்.

“அப்பா, சொல்லுங்கோ. புகையிலை?”

இதற்கான வசனத்தை அவர் ரயிலில் இருபது தடவை ஒத்திகை பார்த்திருந்தார். ‘கடைசிச் சிகரெட் டிசெம்பர் முப்பத்தொண்டு.’ ஓர் எழுத்தும் பொய்யில்லை. கையொப்பமிட்டுக் கொடுக்கக்கூடிய வசனம். வாயைத் திறந்தார். அந்த நேரம் பார்த்துப் பிள்ளை கொட்டாவி விட்டது. இளஞ்சிவப்பு வாய், ஒரு பொத்தான் அளவு. உள்ளே போய் வரும் மூச்சு எவ்வளவு சிறிது என்று அப்போதுதான் கண்டார்.

நீட்டிய கைகளை இழுத்துக்கொண்டார்.

“தராதை, பிள்ளை. நான் விடேல்லை.”

“என்னப்பா?”

“சிகரெட்டைத்தான் விட்டனான். அந்த மெசினிலை, ஏழாம் பேணியிலை இருக்கிறது புகையிலை. நேற்றுப் பின்னேரமும் இழுத்தனான். கொம்மாவுக்குத் தெரியாது. அவ பாவம், மூலிகை எண்டு நம்பி ஒவ்வொரு நாளும் தன்ரை கையாலை நிரப்பித் தந்தவ.”

வர்சா தாயைப் பார்த்தாள். தாய் கைப்பையைத் திறந்தாள். உள்ளிருந்து ஒரு சின்னக் குறிப்புப் புத்தகம் வந்தது. அட்டையில் மீன் படம் ஒட்டியிருந்தது. சிறுவர் பூங்காப் பிள்ளைகள் ஒட்டியது.

“வாசிக்கிறன், கேளுங்கோ. முதல்நாள், ஏழு சிட்டிகை புகையிலை. மூண்டாம் நாள் ஆறு. அஞ்சாம் நாள் அஞ்சு. பதினாலாம் நாளிலையிருந்து ஒண்டுமில்லை. காய்ஞ்ச கற்பூரவள்ளியும் தேயிலையும். தொண்டையிலை பிடிக்கவேணுமே, அதுக்கு ஒரு துளி மிளகுத்தூள்.”

சற்குணத்தார் கதிரையைத் தேடி அமர்ந்தார். “நீர்... மணந்து பார்த்தனீரோ?”

“நீங்கள் மணக்கக்கூடாது எண்டனீங்கள், நான் மணக்கேல்லை. முப்பது வருசம் உங்களோடை குடும்பம் நடத்தினவளுக்குப் பேணியைத் திறந்து மணக்கவேணுமே?”

“நான் சனிக்கிழமையளிலை நிரப்பின புகையிலை?”

“ஞாயிற்றுக்கிழமையளிலை என்ரை சீலைப் பெட்டிக்குள்ளை போச்சு. பூச்சி அண்டாது.”

மல்லிகைப்பூ மணம் அவருக்கு நினைவுக்கு வந்தது. தலையைக் குனிந்துகொண்டார். தம்முடைய சோதனையின் விதிகள் ஒவ்வொன்றாக நினைவில் எழுந்தன: பார்க்கக்கூடாது, கேட்கக்கூடாது, மிச்சத்தை ஆராயக்கூடாது. ஒவ்வொன்றையும் அவரே எழுதி, அவரே கையொப்பமிட்டிருந்தார்.

“அப்ப...” என்றார் மெல்லிய குரலில், “நான் புகையிலையை விட்டிட்டேனோ?”

“முப்பத்தாறு நாள்,” என்றாள் வர்சா. “உங்களைத் தவிர எல்லாருக்கும் தெரியும். அம்மா ஒவ்வொரு நாளும் ரெலிபோனிலை சொன்னவ. நீங்கள் இண்டைக்கு உண்மை சொல்லுவியளோ எண்டதுதான் எங்களுக்குத் தெரியாமலிருந்தது.”

பிறகு பிள்ளையை அவர் கையில் வைத்தாள்.

அவர் அசையவில்லை. மூச்சுவிடவும் பயந்தவர் போல இருந்தார். பின்னர் மூச்சுவிட்டார், அது நீளமாக, இரைச்சலில்லாமல், அடிவயிறு வரை போய்த் திரும்பியது. பேத்தி அவருடைய சட்டைப் பொத்தானைப் பிடித்துக்கொண்டாள். அவர் மனைவியைப் பார்த்தார். சொல்ல நிறைய இருந்தது. எல்லாவற்றையும் ஏற்கெனவே நான்கு பக்கத்தில், வேறு யாருக்கோ எழுதி முடித்திருந்ததுதான் சிக்கல்.

ஒரு கையால் பிள்ளையை அணைத்தபடி, மறுகையால் சட்டைப் பையிலிருந்து கடிதத்தை எடுத்தார். கிழிக்கப்போனார்.

கடைசி வரியைச் சொன்னது மகளா மனைவியா என்பதில் பேர்கனும் ஒஸ்லோவும் இன்றுவரை ஒத்துப்போவதில்லை. ஆனால் கடிதத்தைப் பத்திரமாக வைத்திருப்பது சிவரஞ்சினி என்பதால், மனைவிதான் என்னும் ஒஸ்லோ வடிவத்தையே நாம் ஏற்றுக்கொள்ளலாம்:

“கிழிக்காதேங்கோ, நல்ல கடிதம். மேலை ‘அன்புள்ள ஐயா’ எண்டு கிடக்கிறதை மட்டும் ‘அம்மா’ எண்டு திருத்திப்போட்டு இஞ்சை தாங்கோ.”